வாயிலேயே ரேடியோ வைத்திருந்த காலம்

"சும்மா சீட்டியடிப்பதைப் போய் ஒரு பொழுதுபோக்கு என்கிறார்களே, சின்னப் பிள்ளைகளுக்கு அதில் அப்படி என்ன இருந்தது? இப்போது ஏன் யாரும் அடிப்பதில்லை? இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தென்காசிப் பக்கம் எழுபதுகளில் வளர்ந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதில் இருந்தது பாட்டு. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால், அதை மறுபடி கேட்பது நம் கையில் இல்லாத காலம் அது. ரேடியோ இருந்த வீடு தெருவுக்கு ஒன்றோ இரண்டோ. அதற்கும் வருஷா வருஷம் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். கட்டினாலும் கேட்டதை எல்லாம் அது பாடிவிடாது. 1952-இல் தகவல் ஒலிபரப்புக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அதற்குக் கிட்டத்தட்டக் கதவைச் சாத்திவிட்டார். சனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அப்புறம் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி சினிமாப் பாட்டுக்கும் இடம் தரும் விவித் பாரதி என்ற சேவையைத் தொடங்கிச் சமாளித்தார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் நான் பையனாக இருந்தபோதுகூட டீக்கடை ரேடியோ என்றால் அது இலங்கைதான்.

ரேடியோவை விட்டால் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், கோயில் கொடை, டூரிங் டாக்கீஸில் படம் போடுவதற்கு முன்னால் வைக்கும் ரெக்கார்டு. எல்லாமே காற்றில் வருவது. பாதி வார்த்தை வயல்வெளியிலேயே தொலைந்துபோகும். மெட்டு மட்டும்தான் மிச்சம். வார்த்தை தெரியாத பாட்டை எப்படிப் பாடுவது? சீட்டியில் அடிக்கலாம். அது மட்டுமில்லை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் வயலினையும் புல்லாங்குழலையும் எவ்வளவு நல்ல குரல் உள்ளவனாலும் பாட முடியாது. சீட்டியடிப்பவனுக்கு அது வெல்லம். பள்ளிக்கூடம் போகிற வழியில் எங்களுக்குள் நடந்த போட்டியே அதுதான். பாட்டை விட்டுவிடு, நடுவில் வரும் மியூசிக்கை மட்டும் அடி, மற்றவன் எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். இரண்டு மைல் நடை போனதே தெரியாது. ஆக, எங்கள் வயதுப் பையன்களுக்குச் சீட்டிதான் டேப் ரிக்கார்டர். மெட்டு மறந்துபோகாமல் இருப்பதற்காக அடித்தோம். அடித்து அடித்தே மெட்டு மனப்பாடமானது.

ஒரு படத்தின் மெட்டு இப்படிச் சீட்டியாகவே உலகத்தைச் சுற்றியதும் உண்டு. 1957-இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தில் போர்க்கைதிகள் அணிவகுத்து வரும்போது சீட்டியடிக்கும் இசை. அது 1914-இல் பிரிட்டிஷ் ராணுவ பேண்டுக்காக எழுதப்பட்ட மெட்டு. படம் எடுத்த இடம் இலங்கையில் கித்துல்கல. ஆங்கிலப் படமே பார்க்காத பையன்கள்கூட அந்த மெட்டை அடித்திருக்கிறார்கள். அந்தப் படத்துக் கைதிகள் வேலை செய்யும் சயாம்-பர்மா ரயில் பாதையை நிஜத்தில் போடும்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்பதை அந்தப் படத்தைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

சரி, சீட்டியில் எத்தனை வகை என்று பார்ப்போம். உதட்டைக் குவித்து அடிப்பது பாட்டுக்கு. விரலை வாயில் வைத்து அடிப்பது கூப்பிடுவதற்கும் கொண்டாடுவதற்கும். முன்னதில் நயம் உண்டு, சத்தம் கிடையாது. பின்னதில் சத்தம் மட்டும்தான். இரண்டிலும் தொண்டைக்கு வேலையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'ஊம்' என்று கேட்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அதே கதைதான் வாய்க்குள்ளும் நடக்கிறது. உதட்டு ஓட்டை வழியாகக் காற்று சீறும்போது வாய்க்குள் இருக்கும் காற்று அதிர்கிறது. நாக்கு முன்னே வந்தால் உள்ளே இடம் குறையும், சுருதி ஏறும். பின்னே போனால் இறங்கும். ஏழு ஸ்வரமும் நாக்கு நகரும் அரை அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது. சாதாரணமாக ஒருவர் அடிக்கும் சீட்டி நொடிக்கு 500-லிருந்து 4,000 அதிர்வு வரை போகும். அதில் மேல் பாதி நம் காதுக்கு நன்றாக உறைக்கும் இடம். அதனால்தான் சந்தை இரைச்சலுக்கு நடுவில் பத்துப் பேர் கத்தினாலும் கேட்காதது, ஒருத்தன் விரல் வைத்து ஒரு சீட்டி விட்டால் கேட்டுவிடுகிறது.

விரல் சீட்டி கற்றுக்கொள்வது ஒரு தவம். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஆடு மேய்ப்பவர். வாய்க்கால் பாலத்தில் உட்காரவைத்து, "ஏல, மொதல்ல கைய கழுவிட்டு வா" என்பதில்தான் பாடம் ஆரம்பிக்கும். பல் தெரியாமல் இரண்டு உதட்டையும் உள்ளே மடக்க வேண்டும். இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, நுனியால் நாக்கின் முனையைப் பின்பக்கமாக மடித்துப் பிடிக்க வேண்டும். விரலைச் சுற்றி உதடு இறுக மூடியிருக்க வேண்டும், நடுவில் மட்டும் சின்ன வழி. அப்புறம் ஊத வேண்டும். வருவது முதலில் காற்று, அடுத்து எச்சில், அதற்கும் அடுத்து தலைசுற்றல். கன்னம் வலிக்கும். பக்கத்தில் நிற்கும் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. அப்படியே நாலைந்து நாள் போனபிறகு, விரலைக் கொஞ்சம் கீழே சாய்த்த ஏதோ ஒரு கணத்தில் 'விர்ர்' என்று ஒன்று கிளம்பும் பாருங்கள், காது அடைத்துப்போகும். அது வந்த அன்றைக்கு ஊரில் ஒருத்தரையும் தூங்கவிடுவதில்லை. வந்துவிட்டால் சைக்கிள், நீச்சல் மாதிரி, பிறகு மறக்காது.

ஆடு மேய்ப்பவர்தான் இதற்கு ஆசான் என்பது புதிதில்லை. புறநானூற்றில் ஆட்டிடையனை 'மடிவாய் இடையன்' என்று சொல்வதுண்டு. சீழ்க்கைக்காக மடித்த வாயை உடையவன். அகநானூற்றில் இன்னும் அழகான காட்சி ஒன்று வருகிறது. மழை இரவு. இடையன் தடியை ஊன்றி நின்று நாக்கை மடித்து ஒரு வீளை விடுகிறான். குட்டியைத் தூக்கலாம் என்று பதுங்கியிருந்த குள்ளநரி அதைக் கேட்டதும் முள்ளுப் புதருக்குள் தெறித்து ஓடுகிறது. வாய்க்கால் பாலத்து அண்ணன் அகநானூறு படித்தவரில்லை, ஆனால் நரியை விரட்டியிருக்கிறார். மாட்டுக்காரர்களின் சீட்டி வேறு மாதிரி. காளைக்குத் தண்ணீர் காட்டும்போது உதட்டோரத்தில் மெதுவாக, நீளமாக ஒரு சீட்டி அடித்துக்கொண்டே இருப்பார்கள். மாடு நிதானமாகக் குடிக்கும். நிறுத்தினால் அதுவும் தலையைத் தூக்கிவிடும்.

வாயால் வராதவர்களுக்கு மரம் செடிகள் இருந்தன. பூவரசு இலைப் பீப்பி தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. ரொம்பத் தளிராகவும் இருக்கக் கூடாது, முற்றியும் இருக்கக் கூடாது. அந்தப் பதத்தில் ஒரு இலையைப் பறித்துக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு முனை குறுகலாகவும் மறு முனை அகலமாகவும் வந்தால் நல்லது. குறுகிய முனையை இரண்டு விரலால் நசுக்கித் தட்டையாக்கி, உதட்டில் வைத்து ஊதினால் 'பீ...' என்று நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு சத்தம். தம்பி என்று சும்மா சொல்லவில்லை. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் முனையான சீவாளியும் இப்படித் தட்டையாக்கிய இரண்டு நாணல் பட்டைகள் ஒன்றோடொன்று அதிர்வதால்தான் பேசுகிறது. இலை பெரிதானால் சுருதி இறங்கும், சின்னதானால் ஏறும். ஐந்தாறு பேர் ஆளுக்கொரு அளவில் பீப்பி செய்துகொண்டு, ஒருவன் தகர டப்பாவைத் தட்டினால் சாமி ஊர்வலம் புறப்பட்டுவிடும். வாடிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இலை. செலவே இல்லை.

மாங்கொட்டை ஊதல் பருவகாலச் சரக்கு. மாம்பழக் காலம் முடிந்து மழை விழுந்ததும் குப்பைமேட்டில் வீசிய கொட்டைகள் முளைவிட்டிருக்கும். அதில் ஒன்றைப் பிடுங்கி மேல் ஓட்டைப் பிரித்தால் உள்ளே பருப்பு இரண்டு பாதியாக ஒட்டியிருக்கும். அதன் ஒரு பக்க நுனியைக் கருங்கல்லில் சாய்வாக வைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டு பருப்புக்கும் நடுவில் கோடு போல் இடைவெளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதில் வாய் வைத்து ஊதினால் எருமைக் கன்று கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். கூடவே வாயெல்லாம் துவர்ப்பு. அம்மா கேட்க வேண்டியதே இல்லை, நாக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இவை போக இரண்டு உள்ளங்கையையும் கூடாகக் குவித்துக் கட்டைவிரல் இடுக்கில் ஊதினால் வரும் புறாச் சத்தம், பேனா மூடியை உதட்டில் வைத்து அடிப்பது, திருவிழாவில் வாங்கும், தண்ணீர் விட்டு ஊதும் குருவி ஊதல் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றாக எழுதினால் நீளும்.

சீட்டியை நாங்கள் அதிகம் பயன்படுத்தியது சிநேகிதனை வெளியே வரவழைக்கத்தான். திண்ணையில் அவனுடைய அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "படிக்கிறான், போ" என்பார். அதனால் தெருமுனையில் நின்று ஒரு மெட்டின் முதல் துண்டை மட்டும் அடிப்போம். ஆளுக்கு ஒரு துண்டு. யாருடைய துண்டு கேட்கிறதோ அவன் புறவாசல் வழியாக வந்து சேருவான். மேகாலயாவில் காங்தாங் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் ஒரு தனி மெட்டு வைத்து, பெயருக்குப் பதிலாக அதைக்கொண்டே கூப்பிடுகிறார்கள். அதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. ஸ்பெயினைச் சேர்ந்த லா கோமெரா தீவிலோ ஒரு பாஷையையே சீட்டியில் பேசுகிறார்கள். மலைக்கும் மலைக்கும் நடுவில் பள்ளத்தாக்கைத் தாண்டிச் செய்தி சொல்ல உண்டானது. வழக்கொழிந்துவிடும் என்று பயந்து 1999-லிருந்து அங்கே பள்ளிக்கூடத்தில் பாடமாகவே வைத்துவிட்டார்கள். 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சீட்டியடித்தால் முட்டிபோட வைப்பார்கள்.

கொட்டகை விசிலைப் பற்றி எழுதாவிட்டால் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்துகொண்டு, எம்.ஜி.ஆர். முகம் தெரிவதற்கு முன்னால் காலைக் காட்டும்போதே தொடங்கும் விசில். சண்டைக்கு ஒரு மாதிரி, பாட்டுக்கு ஒரு மாதிரி, பிலிம் அறுந்துவிட்டால் ஆபரேட்டருக்கு என்று தனியாக ஒன்று. இதில் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப நீளம். அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளைதான் இன்றைக்குச் சேப்பாக்கம் ஸ்டேடியத்தில் கேட்கும் 'விசில் போடு'. ஒரே வித்தியாசம், இப்போது பெரும்பாலோர் கையில் பிளாஸ்டிக் விசில். விரலை வாயில் வைத்து அடிப்பவர் அந்தக் கூட்டத்தில் யார் என்று கேமராவே தேடிப்போய்க் காட்டுகிறது. பஸ் கண்டக்டர்களில் இன்னும் சிலர் விசிலை எடுக்காமல் உதட்டிலேயே வேலையை முடிக்கிறார்கள். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம்.

வீட்டுக்குள் மட்டும் தடை. "வீட்டுக்குள்ள சீட்டியடிக்காதல, மூதேவி வந்து உக்காந்துக்குவா" என்பாள் ஆச்சி. ராத்திரியில் அடித்தால் பாம்பு வரும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தாழ்ந்த சுருதி அதிர்வுகளைத்தான் அது ஓரளவு உணரும். நம் சீட்டி அதற்கு எட்டுவதே சந்தேகம். ஆனால் ஆச்சியின் கணக்கு வேறு. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுத் தெருவே படுத்துவிடும் ஊரில் பையன்களை அடக்க அவளுக்குப் பாம்புதான் கிடைத்தது. நல்ல பலன் தந்த பொய் அது.

பெண் பிள்ளைகளுக்கு இருந்த தடையை அப்படிச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாது. என் அத்தை மகள் ஒருத்தி அடிக்கும் சீட்டிக்கு எங்களில் ஒருவனும் பக்கத்தில் வர முடியாது. கமகமெல்லாம் விழும். ஆனால் புறவாசல் கிணற்றடியில், தண்ணீர் இறைக்கும் சத்தத்துக்குள் ஒளித்துத்தான் அடிப்பாள். "பொம்பளப் பிள்ளை சீட்டியடிச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்று அவள் வாங்கிய அடி கொஞ்சமில்லை. அதே ஊரில் அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் உட்கார்ந்து சீட்டியடித்த விடலைகளை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சினிமாவிலும் அதைக் காதல் என்றே காட்டினார்கள். 1998-இல் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வருகிற அளவுக்கு விஷயம் முற்றியது. சீட்டி என்றாலே ரவுடித்தனம் என்று மரியாதைப்பட்டவர்கள் முகம் சுளிக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதுகிற என் வயதுக்காரர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் சீட்டியை மேடையேற்றிய கலைஞர்களும் இருந்தார்கள். ஆந்திராவில் கல்யாணம் ரகுராமையா என்ற நாடக நடிகர், கிருஷ்ணன் வேஷம் கட்டி, விரலை வாயில் வைத்து, 'பத்யம்' என்கிற நாடகச் செய்யுளையே சீட்டியில் இசைப்பார். தெலுங்கில் ஈல என்றால் சீட்டி. அவருக்கு 'ஈலப்பாட்ட ரகுராமையா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பத்மஸ்ரீ வாங்கியவர், 1975-இல் மறைந்தார். பிறகு கே. சிவபிரசாத் வயலின், மிருதங்கம் பக்கவாத்தியத்தோடு கர்நாடகக் கச்சேரியே சீட்டியில் செய்தார். கீர்த்தனை, ஆலாபனை எல்லாம் உண்டு. மனிதரை விட்டால் குற்றாலத்துச் சாரல் காலத்தில் ஓடைப் பக்கம் கேட்கும் சீகாரப் பூங்குருவி. விடிகாலையில், பாதி மெட்டை மறந்துபோன பையன் நடந்துகொண்டே அடிப்பதுபோல் இழுக்கும். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'சீட்டியடிக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அப்படியானால் ஏன் போயிற்று? போனைக் குற்றம் சொல்வது சுலபம், ஆனால் போன் வருவதற்கு முன்பே பாதி போய்விட்டது. எங்கள் பக்கத்தில் எண்பதுகளில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரோடு இறங்கினார்கள். கடையநல்லூரில் அது இல்லாத தெரு கிடையாது. பிடித்த பாட்டைக் கேசட்டில் பதிந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றானதும், மெட்டை வாயில் தூக்கிச் சுமக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. அடுத்து சைக்கிளும் நடையும் குறைந்தன. சீட்டி பெரும்பாலும் நடக்கிறவனின், தனியாகக் காத்திருக்கிறவனின் பொழுதுபோக்கு. மோட்டார் பைக்கில் ஹெல்மெட்டுக்குள் யார் அடிப்பார்கள்? அதோடு பாட்டும் மாறியது. தாளமே பிரதானமாக இருக்கும் பாட்டில் சீட்டிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. நீளமாக இழுத்து வளைந்து போகும் மெட்டுக்குத்தான் அது சரிப்படும். காதில் இயர்போன் வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகு. இப்போது வீட்டில் விசில் என்றால் குக்கர்தான்.

கடைசிக் கேள்வி, இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா என்பது. தாராளமாக முடியும், வயது தடையே இல்லை. உதட்டுச் சீட்டியில் ஆரம்பியுங்கள். உதட்டை நனைத்துக்கொண்டு 'ஊ' என்று சொல்வதுபோல் குவியுங்கள். நாக்கு நுனி கீழ்ப் பல்லின் பின்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். எல்லாரும் பலமாக ஊதித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். சூடான காபியை ஆற்றுகிற அளவுக்குக் காற்று போதும். சத்தம் வராவிட்டால் காற்றைக் கூட்டாதீர்கள், உதட்டு ஓட்டையைச் சிறிதாக்குங்கள், நாக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். ஒரு சுருதி பிடிபட்டால் அதையே நீளமாக இழுத்துப் பழகுங்கள். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போதும் அடித்துப் பாருங்கள், வரும். வெளியே ஒரு வரி, உள்ளே ஒரு வரி என்று பழகிவிட்டால் மெட்டு நடுவில் அறுபடாது. எதிரில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். சிரிப்பு வந்துவிட்டால் உதடு குவியாது. போட்டியில் ஜெயிப்பதற்கு நாங்கள் எதிராளியைச் சிரிக்கவைத்ததே அதனால்தான். முதல் பாட்டாக எதையாவது பழைய, மெதுவான மெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். விரல் சீட்டி வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், பயிற்சியை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள், தலைசுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்.